முதல் மடிப்பு

சிலேட்டுப் பலகையில் எழுதியும் அழித்தும் தமிழ் கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர் நாம். பள்ளி திறக்கும் நாளில் மரச்சட்டம் போட்ட புதுப் பலகையைக் கையில் கொடுத்து, "கீழே போட்டுவிடாதே, உடைந்து போகும்" என்று அன்னையர் எச்சரிப்பர். வாரம் ஒருமுறை கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்து அதைக் கறுப்பாக்குவோம். அப்பலகைகளுள் பல ஆந்திரத்தின் மார்க்காப்பூர்ப் பகுதியில், நல்லமலைத் தொடரை அடுத்த சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்டவை என்பதோ, அகரம் எழுதிய அந்தக் கல் ஒரு காலத்தில் கடலடிச் சேறாகக் கிடந்தது என்பதோ அந்நாளில் நமக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து திரும்பிய பேத்தி, ஒரு வினாவோடு வந்தாள். "தாத்தா, மலையெல்லாம் மடிந்த கல் என்று சொன்னீர்களே. துணி மடியும், காகிதம் மடியும். கல் எப்படி மடியும்? உடைந்துவிடாதா?" என்றாள். அவளுக்கு அன்று சொன்ன விடையையும், அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியையும் இம்மலரில் பதிவு செய்ய விழைகிறோம். பின்னது ஐம்பது ஆண்டுகளாக நம் நெஞ்சில் கிடக்கும் கடன்.

நாம் உதயப்பூருக்கு வந்தது 1971ஆம் ஆண்டில். தாமிரபரணிக் கரையின் பசுமையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கோடைக்காலத்து மேவாரின் மொட்டைக் குன்றுகள் முதலில் அச்சத்தையே தந்தன. புவியியல் பட்டம் பெற்றிருந்த நமக்கு, கனிமங்களைத் தேடும் ஒரு நிறுவனத்தில் இளநிலைப் பணி. சுத்தியல், திசைகாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, குறிப்பேடு ஆகிய நான்குமே நம் உடைமை. தண்ணீர்ப் பையும் மாதிரிக் கற்களும் சுமந்து உடன்வரும் உதவியாளர் உள்ளூர்ப் பீல் இனத்து முதியவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் அக்குன்றுகளில் அவர் கால் படாத கல் இல்லை.

குசராத்திலிருந்து தில்லி வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லி, உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்று. நம் அன்பர்கள் மாலை நடைக்குச் செல்லும் ஃபதே சாகர் ஏரியைச் சூழ்ந்துள்ள குன்றுகளின் பாறைகள் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தவை. அவற்றுக்கு அடித்தளமாகக் கிடக்கும் வரிப்பாறைகள் மேவாரின் சில இடங்களில் 330 கோடி ஆண்டுத் தொன்மை உடையவை. இப்பகுதியை நடந்தே அளந்து வரைபடமாக்கிய முன்னோடிகளுள் ஏ. எம். ஹெரான் தலையாயவர், நடு இராசபுதனத்தின் புவியியலைப் பற்றிய அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. நம் அலுவலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்நூலே நமக்கு வழிகாட்டி.

இனிப் பேத்தியின் வினாவுக்கு வருவோம். மண்ணெண்ணெய் விளக்கையும் மெழுகுவத்தியையும் நம்பி வாழ்ந்த காலத்தில், சித்திரை வெயிலில் அலமாரியில் சாய்த்து வைத்த மெழுகுவத்தி ஒரு வாரத்தில் வில்லாக வளைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதையே சட்டென்று வளைத்தால் ஒடியும். கல்லும் அப்படித்தான். பூமிக்குள் பத்துக் கிலோமீட்டர் அளவிலான ஆழத்தில், 300 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்னும் நிதானத்தில் அழுத்தப்படும்போது அது ஒடியாமல் வளைகிறது. அவசரமே கல்லை உடைக்கிறது. பொறுமை அதை மடிக்கிறது.

அவ்வாறு அழுந்தும் சேற்றுப்பாறைதான் பலகைக்கல் ஆகிறது. சேற்றில் இருக்கும் நுண்ணிய தகட்டுக் கனிமங்கள், அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகத் திரும்பி அணிவகுத்து நிற்கின்றன. உளியை வைத்துத் தட்டினால் கல் அந்த அணிவகுப்பை ஒட்டித் தகடு தகடாகப் பிளக்கிறது. ஆகவே பலகைக்கல்லில் இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, சேறு படிந்தபோது உண்டான அடுக்கு. நிறவேறுபாடும் மணற்பட்டையும் அதைக் காட்டும். மற்றொன்று, அழுத்தத்தில் பிறந்த பிளவு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை வேல்சு நாட்டு மலைகளில் ஆராய்ந்து 1835இல் தெளிவுபடுத்தியவர் ஆடம் செட்சுவிக். அக்கற்களை மெல்லிய சீவலாக்கி நுண்நோக்கியில் பார்த்து, பிளவுக்குக் காரணம் அழுத்தமே என்று 1853இல் எழுதியவர் ஹென்றி சோர்பி. மெழுகை அழுத்தி அதிலும் அத்தகைய பிளவை வரவழைத்துக் காட்டினார் ஜான் டிண்டல், 1856இல். கல்லுடைக்கும் தொழிலாளரோ இவர்களுக்கெல்லாம் முன்பே இதை அறிவர். "நிறம் போகிற வழி வேறு, கல் பிளக்கிற வழி வேறு" என்பது அவர்கள் கைகள் அறிந்த பாடம்.

பாறை ஒரே ஒருமுறை மடிந்திருந்தால் கணக்கு எளிது. பிளவு, மடிப்பின் நடுத்தளத்துக்கு இணையாக அமையும். மடிப்பின் முனையில் அடுக்கைக் குறுக்கே வெட்டும். இரு கைகளிலும் அடுக்கோடு ஒட்டினாற்போல் செல்லும். அடுக்கைவிடப் பிளவு செங்குத்தாக இருந்தால் அவ்வடுக்கு நிமிர்ந்து கிடக்கிறது. பிளவைவிட அடுக்கு செங்குத்தாக இருந்தால் அது கவிழ்ந்து கிடக்கிறது. கல்லூரியில் நாம் மனப்பாடம் செய்த விதி இதுவே. ஒரு மடிப்புக்கு மட்டும் பொருந்தும் விதி இது என்பதை நாம் மனத்தில் வாங்கவில்லை.

1974ஆம் ஆண்டு. உதயப்பூருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு. மேற்கிலும் கிழக்கிலும் இரண்டு குன்றுகள். இரண்டிலும் டோலமைட்டு என்னும் சுண்ணக்கல் வகை. மேற்குக் குன்றின் அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்தன; கிழக்குக் குன்றின் அடுக்குகள் மேற்கு நோக்கிச் சாய்ந்தன. இடையில் முழுவதும் பலகைக்கல். பிளவோ எங்கும் செங்குத்து. இதைவிடத் தெளிவான கீழ்மடிப்பு வேறு உண்டா? தொட்டில் போல் வளைந்து, பள்ளத்தாக்கின் அடியில் 150 மீட்டர் ஆழத்தில் டோலமைட்டு கிடக்கவேண்டும். அதில் உலோகத் தாது இருக்கக்கூடும். வரைபடத்தையும் குறுக்குவெட்டுப் படத்தையும் வண்ணம் தீட்டி முடித்தபோது, நமக்கே நம்மேல் மதிப்பு உண்டாயிற்று.

அதற்கு ஒரு வாரம் முன்பு மேற்குக் குன்றின் உச்சியில் முதியவர் நம்மை நிறுத்தினார். பலகைக்கல்லின் பரப்பில் சீப்பு இழுத்தாற்போன்ற நுண்கோடுகள் இருந்தன. "சாப், இதைப் பாருங்கள். இந்தக் கோடுகள் கல் வளைகிற இடத்தில் தாமும் வளைகின்றன. நேற்றுக் காட்டினீர்களே, அந்தக் கோடுகள் வளையாமல் நேரே போகின்றன" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாம் குனிந்து பார்த்தோம். அவர் சொன்னது சரியே. குறிப்பேட்டில், "இருவகைக் கோடுகள். ஒருவகை வளைகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதினோம். அதன் பக்கத்தில் "முக்கியமன்று" என்னும் பொருள்பட இரண்டு சொற்களையும் சேர்த்தோம். நம் வாழ்நாளில் எழுதிய சொற்களுள் அவ்விரண்டைப் போல் விலை கொடுத்தவை வேறு இல்லை.

துளையிடும் கருவி வந்தது. மூன்று மாதம் இரவும் பகலும் வேலை நடந்தது. 150 மீட்டர் ஆயிற்று. பெட்டிகளில் அடுக்கப்பட்ட கல்லுருளைகள் அனைத்தும் பலகைக்கல். 180 மீட்டர், பலகைக்கல். 210 மீட்டரில் நிறுத்தும்படி உத்தரவு வந்தது. டோலமைட்டு ஒரு விரற்கடையும் இல்லை.

எமக்கு மேலதிகாரியாக இருந்தவர் வங்காளத்துப் பெரியவர். அனைவரும் அவரைத் தாதா என்றே அழைப்போம். ஊர்விட்டு வந்த இளைஞர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, மீன்குழம்பு உண்ணாத நம் போன்றோருக்குத் தனியே பருப்பு வைத்துச் சோறிட்டவர். செலவு வீணானதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. "வரைபடத்தை ஆராய்ந்து ஏற்றவன் நான், பொறுப்பும் என்னுடையதே" என்று அவர் எழுதி அனுப்பினார். நம் பெயர் அக்கடிதத்தில் இல்லை. சில மாதங்களில் அவர் வடகிழக்குக்கு மாற்றப்பட்டார். அவருக்கு உரிய பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. நாம் இரயில் நிலையத்துக்குச் சென்று மாலையிட்டு வழியனுப்பினோம். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் போன பின்பு, நூலகத்தில் ஜான் ராம்சே 1967இல் எழுதிய பாறை மடிப்புகளைப் பற்றிய நூலைக் கண்டோம். ஆரவல்லிப் பாறைகள் ஒருமுறையன்று, பலமுறை மடிந்தவை என்பதை 1960களிலிருந்து எடுத்துக்காட்டி வந்த கே. நாஹா முதலிய நம் நாட்டு அறிஞரின் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முதியவரின் குரல் கேட்டது. அவரையே அழைத்துக்கொண்டு மீண்டும் மேற்குக் குன்றில் ஏறினோம்.

துவைத்து உலர்த்திய எட்டுமுழ வேட்டியை மடிப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் நீளவாக்கில் இரண்டாக மடிக்கிறோம். அதன் பின் அவ்விரட்டைத் துணியை வேறு பக்கமாக வளைக்கிறோம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பின்னைய வளைவு மட்டுமே தெரியும். தடித்த துணி ஒன்று வளைந்து கிடப்பதாக எண்ணுவார். ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கே அது இரட்டை என்பதும், ஒரு பக்கம் துணி திரும்பிவிட்டது என்பதும் விளங்கும். அந்த மடிவாய்க்கு அப்பால் துணியே கிடையாது. பாறையில் அந்த ஓரத்தை எங்ஙனம் பிரிப்பது? குன்று நமக்கு நான்கு சான்றுகளைக் காட்டிற்று.

முதற்சான்று, முதியவர் கண்ட கோடுகள். முதல் மடிப்பின்போது பிறந்த கோடுகள், இரண்டாம் மடிப்பில் பாறையோடு சேர்ந்து வளைந்தன. இரண்டாம் மடிப்பின்போது பிறந்த கோடுகள் வளையாமல் நேரே சென்றன. வளைக்கப்பட்டது எதுவோ அது வளைத்ததற்கு முந்தியது. இதற்குக் கல்வி வேண்டா. கண் இருந்தால் போதும்.

இரண்டாவது, பிளவின்மேல் பிளவு. நாம் அளந்து குறித்த செங்குத்துப் பிளவு முதற்பிளவு அன்று. உருப்பெருக்கியில் பார்த்தபோது, அடுக்கோடு அடுக்காக ஒட்டிக் கிடந்த மற்றொரு பழைய பிளவு, கொசுவம் வைத்த புடவை போல் நுண்ணிய சுருக்கங்களாகக் கிடந்தது. அச்சுருக்கங்களின் வரிசையே நாம் கண்ட செங்குத்துப் பிளவு. சுருங்குவதற்கு முன்னரே அங்கு ஒரு பிளவு இருந்தாலன்றோ அது சுருங்கும்!

மூன்றாவது சான்றே நம்மைத் தலைகுனிய வைத்தது. நீரில் படியும் மணலில் பெருமணி முதலில் இறங்கும்; நுண்மணல் பின்னர் மேலே படியும். ஆகவே ஒரு மணற்பட்டையில் பருமணல் இருக்கும் பக்கம் அதன் அடி. மேற்குக் குன்றில் டோலமைட்டின் மேலேயும் கீழேயும் மெல்லிய மணற்பட்டைகள் இருந்தன. இரண்டு பக்கத்திலும் பருமணல் டோலமைட்டை நோக்கியே இருந்தது! அப்படியானால் கீழ்ப்பக்கத்துப் பட்டை தலைகீழாகக் கிடக்கிறது. நம் கல்லூரி விதியின்படி பார்த்தாலோ, அடுக்கைவிடப் பிளவு செங்குத்தாக இருப்பதால், இரண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்கவேண்டும். விதி நிமிர்ந்தது என்கிறது. மணல் கவிழ்ந்தது என்கிறது. மணல் பொய் சொல்லாது. அந்தச் செங்குத்துப் பிளவு பிறப்பதற்கு முன்பே அவ்வடுக்குகள் ஒருமுறை கவிழ்க்கப்பட்டிருந்தன என்பதே இம்முரணுக்கு ஒரே விடை.

நான்காவது, குன்றின் வடகோடி. அங்கே டோலமைட்டு நேரே மறையாமல், தூண்டில் முள்ளைப் போல் திரும்பித் தன்னோடு தானே இணைந்திருந்தது. நாம் தடித்த ஒற்றை அடுக்கு என்று வரைந்தது, மெல்லிய அடுக்கு ஒன்று இரண்டாக மடிந்தது. பள்ளத்தாக்கின் அடியில் அது கிழக்குக் குன்றை எட்டவில்லை. பாதி வழியிலேயே மடிவாயில் திரும்பிவிட்டது. கிழக்குக் குன்றில் தெரிந்தது அதன் தொடர்ச்சி அன்று, வேறொரு மடிப்பு. நம் துளை, வேட்டியின் மடிவாய்க்கு அப்பால் இறங்கியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய மடிப்பெல்லாம் மலை பிறந்தபோது உண்டானது என்று கொள்ளலாகாது. கடலடிச் சரிவில் சேறு இறுகுமுன் வழுக்கி வந்து சுருண்டுகொள்வதும் உண்டு. அத்தகைய சுருளின் மேலும் கீழும் உள்ள அடுக்குகள் குலையாமல் கிடக்கும். சுருளின் தலையை அடுத்து வந்த மணல் சமனாக வெட்டி மூடியிருக்கும். பழைய பிளவோ கோடுகளோ அதற்கு உரியனவாக இரா. நம் குன்றில் அவை இருந்தமையால், அது சேற்றின் விளையாட்டன்று, மலையின் வேலையே என்று துணிந்தோம்.

நம்மைப் போல் ஏமாந்தவர் பலர் என்பதும் பின்னர்த் தெரிந்தது. சுகாத்லாந்தின் அபர்ஃபாயில் பலகைக்கற்களில், மேல்மடிப்பு என்று கருதப்பட்ட ஒன்றை ராபர்ட் சாக்கிள்டன் மணலின் பருமை கொண்டு ஆராய்ந்து, அடுக்குகளின் மேற்பக்கம் கீழ்நோக்கி இருப்பதை 1958இல் வெளியிட்டார். முன்னர்ப் பெரும் போர்வையாக மடிந்து படுத்த பாறைகள், பின்னர்த் தம் முனையோடு கீழே தொங்கின என்பது அவர் கண்ட முடிவு. உலகறிந்த மலைகளிலும் இது நேர்ந்ததே என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல். ஆனால் அந்தக் குன்றுகளில் நம் முதியவர் போன்ற ஒருவர் சொல்லியும் கேளாதிருந்தார்களா என்பது வேறு.

வரைபடத்தைத் திருத்தினோம். மேற்குக் குன்றுக்கு அருகே இரண்டாவது துளை இடப்பட்டது. 90 மீட்டருக்குள் டோலமைட்டு கிடைத்தது. நமக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். தாதாவுக்குக் கடிதம் எழுதி, குறிப்பேட்டில் இருந்த வரியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று அன்றிரவே உட்கார்ந்தோம். "மதிப்புக்குரிய தாதா" என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. பிழை செய்தது அறியாமையால் என்றால் எழுதியிருப்போம். கண்டும் எழுதியும் வைத்திருந்ததை, சொன்னவர் படியாதவர் என்பதற்காகத் தள்ளினோம் என்று எழுத மனம் துணியவில்லை. ஆண்டுதோறும் துர்கா பூசைக்கு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பினோம். அவரும் தவறாமல் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார். 1998இல் அவர் கல்கத்தாவில் காலமானார்.

2006இல் நாம் ஓய்வுபெற்றோம். கடைசி வாரத்தில், பழைய குறிப்பேடுகள் வைத்திருந்த அறையைத் திறந்து காட்டும்படி வேண்டினோம். 1974ஆம் ஆண்டுக் குறிப்பேடு கறையான் அரிக்காமல் இருந்தது. குறிப்பேட்டின் பக்கங்களைப் பார்த்து மேலதிகாரி சுருக்கொப்பமிடுவது அக்கால வழக்கம். அந்தப் பக்கத்தைப் புரட்டினோம். நம் வரியின் கீழ், "முக்கியமன்று" என்னும் சொற்களுக்கு அடியில், பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. அருகே தாதாவின் சுருக்கொப்பம். அதன்கீழ் நாள். துளை நிறுத்தப்பட்டதற்கு இரண்டாம் நாள் அது; அவர் மேலிடத்துக்கு விளக்கம் எழுதியதற்கு முந்திய நாள்.

அவருக்குத் தெரிந்திருந்தது. பிழை எங்கே நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்பது அனைத்தும் தெரிந்த பின்னரே, "பொறுப்பு என்னுடையது" என்று எழுதியிருக்கிறார். இருபத்து நான்கு ஆண்டுகள் பொங்கல் வாழ்த்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாம் சொல்லுவோம் என்று காத்திருந்தாரா, சொல்லவேண்டா என்று விட்டாரா? அறையின் ஏணியில் அமர்ந்து வெகுநேரம் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் அறிக்கைகளில் துளையின் ஆழம் உண்டு, சாய்வின் அளவு உண்டு, செலவுக் கணக்கு உண்டு. முதற்சான்றைக் கண்ட முதியவரைப் பற்றி ஒரு வரி இல்லை. தம் பங்கு இன்னதென்று அவர் கேட்டதும் இல்லை. பழைய மடிப்பை நம்மினும் முன்னே கண்டவர் அவர் என்பதை இம்மலராவது தாங்கி நிற்கட்டும். தாதாவுக்கு எழுதாத கடிதமாகவும் இதையே கொள்கிறோம்.

சென்ற தை மாதத்தில் பேத்தியை அக்குன்றுக்கு அழைத்துச் சென்றோம். முழங்கால் ஒத்துழையாமையால் நாம் பாதியில் அமர்ந்துவிட, அவள் மட்டும் உச்சிக்கு ஏறினாள். நாம் சொல்லியிருந்த இடத்தைத் தேடிக் கண்டு, குனிந்து, ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துத் தொடர்ந்தாள். "வளைகிறது தாத்தா! பக்கத்தில் இருப்பது வளையவில்லை!" என்று மேலிருந்து கூவினாள். "இரண்டில் எது மூத்தது?" என்று கேட்டோம். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் மறுபடியும் இரண்டு கோடுகளையும் தடவிப் பார்த்துவிட்டு, "வளைந்ததுதான்" என்றாள். சரி என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். பக்கத்தில் வேறு எதையும் எழுதவேண்டா என்றும் சொன்னோம்.